குடியிருப்பும் குடியுரிமையும்: நவீன நகரக் கனவுகளை மலைத்தோட்ட லயத்தின்வழி மதிப்பிடல்

முன்னுரை

நல்ல நகரம் எது என்னும் வினா கட்டடக் கலைஞர்க்கு மட்டும் உரியது அன்று. மனிதர் எவ்வாறு சேர்ந்து வாழவேண்டும் என்னும் அறவினாவின் மற்றொரு வடிவமே அது. இருபதாம் நூற்றாண்டின் நகர்வரைவாளர்கள் இவ்வினாவிற்குத் தம்முள் முரண்பட்ட விடைகளைக் கூறினர். பரந்த பூங்காவின் நடுவே வானளாவிய கோபுரங்களை எழுப்பி மக்களைச் செறிவாகக் குடியமர்த்த வேண்டும் என்றார் பிரான்சு நாட்டின் லே கொர்பூசியே. நகரத்தையே கலைத்துக் குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் நிலம் அளிக்க வேண்டும் என்றார் அமெரிக்காவின் பிராங்க் லாய்ட் ரைட். இருக்கும் ஊரை இடிக்காமல் சிறுகச்சிறுகச் செப்பனிட வேண்டும் என்றார் ஸ்காட்லாந்தின் பாட்ரிக் கெடிஸ்.

இக்கட்டுரை இவற்றுள் இரு நிலைகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, லே கொர்பூசியே கருதிச் சண்டிகரில் உருக்கொடுத்தது. மற்றொன்று, கெடிஸ் தமிழக நகரங்களில் எடுத்துரைத்ததும் பின்னாளில் லாரி பேக்கர் கேரளத்தில் தம் போக்கில் செயற்படுத்தியதும். இவ்விரண்டையும் மதிப்பிட இங்குக் கொள்ளப்படும் அளவுகோல் நகரமே அல்லாத ஓரிடம். இடுக்கி மாவட்டத்தின் பீருமேடு வட்டத்தில், வண்டிப்பெரியாரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லயங்களே அவ்வளவுகோல். நகர்க் கனவுகளின் வழக்கை லயத்தின் வாசலில் வைத்து விசாரிக்கும்போது, அவ்விரு தரப்பாரும் பேசாது விட்ட ஒன்று புலப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நகர், குடி, பாடி

சங்க இலக்கியத்தில் நகர் என்னும் சொல் ஊரை மட்டுமன்றிப் பெருமனையையும் அரண்மனையையும் கோயிலையும் குறித்து வழங்கியது. ஒரு வீட்டையும் ஒரு மாநகரையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழியில், வீட்டின் அறமும் நகரின் அறமும் வேறுவேறு எனக் கருதப்படவில்லை என்று கொள்ளலாம்.

எனினும் பண்டை நகர் சமநிலை நகராக இருந்தது என்று கூறுதற்கு இல்லை. சிலப்பதிகாரம் காட்டும் புகார், மருவூர்ப்பாக்கம் பட்டினப்பாக்கம் என இருகூறுபட்டது. கைவினைஞரும் சிறுவணிகரும் யவனரும் ஒருபுறம், அரசரும் அந்தணரும் பெருவணிகரும் மறுபுறம், இடையே நாளங்காடி. தொழிலும் தகுதியும் பற்றி மக்களைப் பகுத்துக் குடியமர்த்தும் முறை நவீனத்தின் கண்டுபிடிப்பு அன்று என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

குடி என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. குடும்பம், மரபு, ஊர், ஆளப்படும் மக்கள் ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். காரைக்குடி, தூத்துக்குடி, மன்னார்குடி என ஊர்ப்பெயர்களின் ஈறாகவும் நிற்கும். இதிலிருந்தே குடியிருப்பு, குடியுரிமை ஆகிய இரு சொற்களும் கிளைத்தன. முன்னது தங்கும் இடத்தையும் பின்னது நாட்டின்மீது ஒருவர்க்குள்ள உரிமையையும் உணர்த்துகின்றன. வேர் ஒன்றாயினும், ஒன்றைப் பெற்றவர் மற்றொன்றையும் பெற்றவராவார் என்பதற்கு உறுதி இல்லை.

தோட்டப்புறத்தில் தொழிலாளர் வீட்டைக் குறிக்கும் சொற்கள் இவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே சொல்கின்றன. லயம் என்பது வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. வயநாட்டுத் தோட்டங்களில் இதனைப் பாடி என்பர். பழந்தமிழில் பாடி என்பது படைகள் தற்காலிகமாகத் தங்கும் இடத்தையும் குறித்தது. பாடிவீடு என்னும் சொல்லாட்சியும் உண்டு. இரண்டும் ஒரே சொல்தானா என்பதைச் சொற்பிறப்பியலாருக்கு விட்டுவிடலாம். வரிசையும் பாசறையும் வீட்டின் பெயராக நிற்பதே நம் வினாவிற்குப் போதுமானது.

மேலிருந்து வரையப்பட்ட நகர்

லே கொர்பூசியே 1922இல் முப்பது இலட்சம் மக்களுக்கான நகர்த்திட்டம் ஒன்றைப் பாரிசில் காட்சிக்கு வைத்தார். அறுபது மாடிகள் கொண்ட இருபத்துநான்கு கோபுரங்கள் அதன் நடுவே நின்றன. 1925இல் பாரிசின் பழைய பகுதி ஒன்றையே அகற்றி அங்கு இத்தகைய கோபுரங்களை எழுப்ப வேண்டும் என்று முன்மொழிந்தார். ஞாயிற்றின் ஒளி, திறந்தவெளி, பசுமை ஆகிய மூன்றும் மனிதர் எல்லோர்க்கும் உரியவை என்பது அவர்தம் அடிப்படைக் கொள்கை. அவர் முன்னின்று நடத்திய நவீனக் கட்டடக்கலைப் பன்னாட்டுப் பேரவை, 1933இல் நகரின் செயல்களை உறையுள், உழைப்பு, ஓய்வு, போக்குவரத்து என நான்காகப் பகுத்தது. இருளும் நெரிசலும் நோயும் மலிந்த ஐரோப்பியத் தொழில்நகரங்களைக் கண்டு வெதும்பியவரின் கனவு இது. இதனைச் செருக்கு என்று மட்டும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

இக்கனவு மண்ணில் இறங்கிய இடம் இந்தியா. 1947இன் பிரிவினையால் லாகூரை இழந்த கிழக்குப் பஞ்சாபிற்குப் புதிய தலைநகர் வேண்டியிருந்தது. முதலில் திட்டம் வரைந்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர். அவருடன் பணியாற்றிய மாத்யூ நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்ததைத் தொடர்ந்து, 1951இல் லே கொர்பூசியே பொறுப்பேற்றார். பியர் ஜான்னரே, மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகியோர் உடன் பணியாற்றினர். 800 மீட்டர் அகலமும் 1200 மீட்டர் நீளமும் கொண்ட செக்டர்கள். ஏழு வகைச் சாலைகள். மனித உடலின் தலைபோல வடக்கே ஆட்சிமன்ற வளாகம். நெஞ்சுபோல நடுவே வணிக மையம் என அந்நகர் அமைந்தது.

சண்டிகரின் அரசு ஊழியர் வீடுகள் பதவிநிலைக்கு ஏற்பப் பதின்மூன்று வகைகளாக வகுக்கப்பட்டன. கடைநிலை ஏவலருக்கும் இரண்டு அறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை, முற்றம் ஆகியவை கிடைத்தன. அக்கால இந்தியாவில் இது சிறிய பேறு அன்று. ஆயினும் ஒருவர் எங்கே, எத்துணைப் பரப்பில் வாழ்வார் என்பதை அவர்தம் ஊதியப்பட்டியலே முடிவு செய்தது. மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் கான்கிரீட்டில் மீண்டும் எழுந்தன எனலாம்.

நகரைக் கட்டியெழுப்பிய கூலித்தொழிலாளர்க்கு அத்திட்டத்தில் நிலையான இடமே இருக்கவில்லை. அவர்தம் குடிசைப் பகுதிகள் காலந்தோறும் அகற்றப்பட்டுவந்தன. பழைமையான குடிசைப் பகுதிகளுள் ஒன்றான நான்காம் எண் காலனி 2022 மே 1 அன்று, உழைப்பாளர் நாளிலேயே, நிருவாகத்தால் இடித்து அகற்றப்பட்டது. தகுதி காணப்பட்ட குடும்பங்களுக்கு மாற்றிடம் அளிக்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் தகுதியைக் காண்பவர் யார் என்னும் வினா அப்படியே நிற்கிறது.

நடந்து அறியப்பட்ட நகர்

கெடிஸ் உயிரியல் பயின்றவர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் இந்தியாவிற்கு வந்தார். அவர்தம் நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய பொருள்களைக்கொண்டு 1915இல் சென்னையில் அக்கண்காட்சி நடைபெற்றது. மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் தெருக்களில் நடந்து ஆராய்ந்து அவர் அறிக்கைகள் அளித்தார். நெரிசலான பகுதிகளை இடித்து நேர்த்தெருக்களை அமைக்கும் நகராட்சிப் பொறியாளர்களின் முறையை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த ஒருசில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்வெளிகளில் மரம் நட்டு, கிணறுகளையும் கோயில்களையும் காத்து, குடிகளைக் குலைக்காமல் ஊரைச் செப்பனிடுவதே சிக்கனமானதும் அறத்தொடு பட்டதும் ஆகும் என்பது அவர் துணிபு. தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் வகுத்த திட்டம் இதற்குச் சான்று.

வரைபடத்திற்குமுன் வாழ்வை வைக்கும் இந்நோக்கு, லாரி பேக்கரிடம் வேறொரு வழியில் வந்து சேர்ந்தது. 1917இல் பர்மிங்காமில் பிறந்த பேக்கர், சீனத்தில் போர்க்கால மருத்துவப் பணியாற்றித் திரும்பும் வழியில் மும்பையில் காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்டுமிடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களால் கட்டப்பட வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்தை வாழ்நாள் முழுதும் போற்றினார். 1963இல் மருத்துவரான துணைவியார் எலிசபெத்துடன் பீருமேடு வட்டத்து வாகமண்ணிற்கு வந்து, அங்கு மருத்துவமனை நடத்திச் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் மறையும்வரை எண்ணற்ற வீடுகளைக் கட்டினார். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி உட்புழை விட்டு அடுக்கும் சுவர், சாளரத்திற்கு மாற்றான செங்கல் சல்லடை, பழைய ஓடுகளை இட்டு நிரப்பிய கூரை ஆகியன அவர் கையாண்ட சிக்கன உத்திகள். வாழப்போகும் குடும்பத்தாரோடு பேசி, கட்டுமிடத்திலேயே முடிவெடுத்துக் கட்டுவது அவர் வழக்கம்.

மேலிருந்து வரைந்தவர் ஒருவர். தரையில் நின்று கட்டியவர் மற்றொருவர். இருவரையும் எதிரெதிர் நிறுத்திப் பின்னவரைப் போற்றுவது இன்று எளிதாகிவிட்டது. அவ்வெளிமையை ஐயுறச் செய்வது லயம்.

லயம் காட்டும் உண்மை

தேயிலைத் தோட்டம் நன்கு திட்டமிடப்பட்ட ஒரு குடியேற்றம். மேட்டில் மேலாளர் பங்களா, அதற்குக் கீழே எழுத்தர் குடியிருப்பு, சரிவில் லயங்கள், நீரும் சாலையும் வாய்த்த இடத்தில் தொழிற்சாலை. மருத்துவமனை, பிள்ளைக் காப்பகம், பள்ளி, மளிகைக்கடை, கோயில் எனத் தேவைகள் யாவும் நடந்துசெல்லும் தொலைவில் அமையும். ஆலைச் சங்கு நாளின் பொழுதுகளைப் பகுக்கும். ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னறையும் ஓர் அடுக்களையும். இருவீட்டிற்கும் பொதுவான சுவர். இதுவே லயத்தின் வழக்கமான அமைப்பு.

இதனை லே கொர்பூசியேயின் அளவுகளால் அளந்து பார்க்கலாம். ஒளி உண்டு, வெளி உண்டு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பசுமை உண்டு. உறையுளும் உழைப்பும் பகுக்கப்பட்டுள்ளன. பேக்கரின் அளவுகளாலும் பார்க்கலாம். கட்டடம் தாழ்வானது, மண்ணோடு ஒட்டியது, பகட்டு அற்றது, பழைய லயங்களில் பல அவ்விடத்துக் கல்லால் கட்டப்பட்டவை. இரு தேர்விலும் லயம் பெருமளவு தேறிவிடுகிறது. எனினும் லயத்தை நல்ல உறையுள் என்று அதில் வாழ்ந்தோர் எவரும் கூறார். அவ்வாறாயின் குறை அளவுகோலில் உள்ளது என்பதே முடிபு.

அவ்வளவுகோல்கள் காணத் தவறியது யாது? லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒரு பெண், குடும்பத்தில் வேறொருவர் அத்தோட்டத்தில் வேலைக்கு இல்லையெனில், ஓய்வுபெறும்போது வீட்டை ஒப்படைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த பின்னரே பணிக்கொடை என்னும் நடைமுறையும் பல தோட்டங்களில் உண்டு. சுவர் அவருடையது அன்று. ஆகவே அதில் ஒரு சாளரம் திறக்கும் முடிவும் அவருடையது அன்று. 2000ஆம் ஆண்டையொட்டிப் பீருமேட்டுப் பகுதியில் தோட்டங்கள் சில கைவிடப்பட்டபோது, கூலியும் பணிக்கொடையும் நின்றுபோன தொழிலாளர் ஒழுகும் லயங்களிலேயே தங்கினர். செல்ல வேறிடம் இல்லாததும், சென்றால் வரவேண்டிய தொகையும் போய்விடும் என்னும் அச்சமும் அவர்களை அங்கு நிறுத்தின.

சட்டத்தின் போக்கும் இதனைத் தெளிவாக்குகிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் மருத்துவமும் அளிப்பதைத் தோட்ட உடைமையாளரின் கடமை ஆக்கியது. 1981இல் செய்த திருத்தம், அவ்வீடுகள் இடிந்து விழுந்து இறப்போ காயமோ நேர்ந்தால் இழப்பீடு அளிக்க வகைசெய்தது. வீடு இடியும் என்பதைச் சட்டமே எதிர்பார்க்கும் நிலை அன்று இருந்தது. அச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. வீடு கடமையாகவே தொடர்ந்தது, உரிமையாக மலரவில்லை. மறுபுறம், 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதிகளில் 10 செண்ட்வரை மனை பெறும் வாய்ப்பை அளித்தது. தோட்டநிலம் உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றதால், அந்த வரலாற்று மாற்றம் மலையின் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. குடி என்னும் சொல் கீழ்நாட்டில் மனையுரிமையாயிற்று. மலையில் அது குடியிருப்பாகவே எஞ்சியது.

திருத்தும் உரிமை

உரிமையின் இன்மையே குறை எனில், அது சட்டத்தின் குறையேயன்றிக் கட்டடக் கலைஞரின் குறை ஆகாது என ஒருவர் மறுக்கலாம். இம்மறுப்பு வலுவுடையதே. ஆயினும் வரைபடத்திற்கும் உரிமைக்கும் தொடர்பு இல்லை என்பது பொருந்தாது. லே கொர்பூசியேயின் ஆக்கம் ஒன்றே இதற்குச் சான்று தருகிறது. பிரான்சின் போர்தோ நகரை அடுத்த பெசாக்கில், சருக்கரை ஆலை உரிமையாளர் ஒருவருக்காக 1920களின் நடுவில் ஏறத்தாழ ஐம்பது தொழிலாளர் வீடுகளை அவர் கட்டினார். தட்டைக்கூரை, நீண்ட சாளரம், தூண்களின் கீழ்த் திறந்தவெளி ஆகியன அவற்றின் அழகியல். வாழவந்தோர் சாய்கூரை வேய்ந்தனர். நீண்ட சாளரத்தைக் குறுக்கினர். கீழ்வெளியை அடைத்து அறையாக்கினர். இதனை பிலிப் பூதோன் 1969இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அழகியலார் இதனைச் சிதைவு என்று வருந்தினர். ஆனால் குடியிருந்தோர் வரைபடத்திற்கு மறுமொழி கூற முடிந்தது என்பதே பெசாக்கின் சிறப்பு. அதுவும் தொழிலாளர் வீடு; லயமும் தொழிலாளர் வீடு. வேறுபாடு மறுமொழி கூறும் உரிமையில் உள்ளது.

பின்வந்த இந்தியக் கட்டடக் கலைஞர் சிலர் இவ்வுரிமையை வரைபடத்திற்குள்ளேயே வைத்தனர். நவி மும்பையின் பேலாப்பூரில் 1980களில் சார்லஸ் கொரியா அமைத்த குடியிருப்பில், வருவாய் பெரிதும் வேறுபட்ட குடும்பங்களுக்கும் மனைப்பரப்பில் வேறுபாடு குறைவு. ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிராமல் தன் மனையில் தனித்து நிற்கும். பொதுச்சுவர் இன்மையால், அண்டை வீட்டாரின் இசைவு வேண்டாமலே ஒரு குடும்பம் தன் வீட்டை வளர்த்துக்கொள்ள இயலும். இந்தூரின் ஆரண்யாவில் 1989 அளவில் பாலகிருஷ்ண தோஷி வறியோர்க்கு அடித்தளமும் கழிப்பறையும் குடிநீரும் அமைந்த மனைகளை அளித்து, எஞ்சியதை அவர்தம் கைக்கும் காலத்திற்கும் விட்டார். கேரளத்தின் 1972ஆம் ஆண்டு இலட்சம் வீடு திட்டமோ செலவு கருதி இரு வீட்டிற்கு ஒரு சுவரைப் பொதுவாக்கியது. ஒரு சுவர் பொதுவா தனியா என்பது கட்டுமானச் செய்தியாகத் தோன்றினும், அதனுள் ஓர் அறநிலை பொதிந்துள்ளது.

மேல்நோக்கின் தேவை

வாழ்வோரின் விருப்பமே போதும், வரைபடம் வேண்டா என்று கூறுதலும் மிகையாகும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுட் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களும் அவ்வாறே அழிந்தன. மலையின் வடிவம், நீரின் போக்கு, மண்ணின் பிடிப்பு ஆகியவை ஒருவீட்டு வாசலிலிருந்து தெரிவன அல்ல. அவற்றை அறிய உயரத்திலிருந்து நோக்கும் அறிவு வேண்டும். சிக்கனமான செங்கற்சுவர் நிலச்சரிவைத் தாங்காது. பேக்கர் வழியின் எல்லை இது.

ஆனால் அவ்வறிவு யாருக்குக் கடமைப்பட்டது என்பதே வினா. லயத்தின் இடத்தைத் தேர்ந்தவர் அதில் உறங்குபவர் அல்லர். உறங்குபவர்க்கு அவ்விடத்தை மறுக்கும் வழியும் இருக்கவில்லை. வயநாட்டில் இழந்தோர்க்காகக் கல்பற்றாவில் ஒரு தோட்டநிலத்தையே எடுத்துப் புதிய குடியிருப்பு அமைக்க 2025 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. வரிசைக்கு மாற்றாகக் குடும்பத்திற்கு ஒரு தனிவீடு என்பது அதன் அடிப்படை. பேரழிவிற்குப் பின்னர் இயன்ற இது, அதற்கு முன்னர் ஏன் இயலவில்லை என்பதை நகரமைப்பு அறிஞரும் ஆட்சியாளரும் தம்முள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லின் அண்மை வரலாறும் இங்குக் கருதத்தக்கது. 1968இல் தொடங்கிய அந்நகருக்கு ரோஜர் ஆஞ்சே 50,000 மக்களுக்கான விண்மீன்திரள் வடிவத் திட்டத்தை வரைந்தார். அவ்வட்டச்சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் அகற்றப்பட்டபோது, வரைபடத்தை நிறைவேற்றுவதே கடன் என்போரும் அரைநூற்றாண்டில் வளர்ந்த காட்டிற்கு ஏற்ப வரைபடம் வளைய வேண்டும் என்போரும் எதிரெதிர் நின்றனர். பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் விதித்த கட்டுப்பாட்டை 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் நீக்கியது. விரும்பி வந்து குடியேறியோரிடையேகூட, வரைந்த நாளின் கனவு பெரிதா, வாழ்ந்த நாள்களின் பயன் பெரிதா என்னும் வினா தீரவில்லை. விருப்பம் கேட்கப்படாமலே குடியேற்றப்பட்டோரின் நிலையை இதனோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

நிறைவாக

லே கொர்பூசியேயும் பேக்கரும் எதிர்நிலையினர் எனினும், நல்ல உறையுளின் இலக்கணத்தை வடிவிலும் பொருளிலும் தேடியதில் ஒத்த நிலையினர். லயம் அவ்விலக்கணத்தின் போதாமையைக் காட்டுகிறது. ஒரு நகரின் நன்மையை அதன் தலைமை வளாகத்தின் பொலிவாலோ வீட்டுச் சுவரின் எளிமையாலோ மட்டும் அளத்தல் இயலாது. அந்நகரின் கடைக்கோடியில் வாழ்பவர் முதுமையிலும் அங்கேயே நிலைக்க முடியுமா, தம் தேவைக்கேற்ப வீட்டைத் திருத்த முடியுமா, தீங்கு வரும் இடத்தை வேண்டா என மறுக்க முடியுமா என்னும் வினாக்களுக்குக் கிடைக்கும் விடையே அதன் உண்மையான அளவு.

தமிழாய்விற்கும் இதில் ஒரு பணி உண்டு. மனை, இல், குடி, சேரி, பாக்கம், பாடி முதலிய உறைவிடச் சொற்களை இலக்கியச் சான்றுகளைக் கொண்டு மட்டும் தொகுத்துள்ளோம். தோட்டப்புறத் தமிழர் தம் வீட்டைக் குறித்து வழங்கும் சொற்களும், அவற்றில் தங்கியுள்ள உரிமை பற்றிய எண்ணங்களும் இன்னும் போதிய அளவு தொகுக்கப்படவில்லை. வண்டிப்பெரியாரின் லயத்தில் முதியவர் ஒருவர் எங்கள் வீடு என்று சொல்லும்போது அச்சொற்றொடர்க்குச் சட்டத்தில் பொருள் இல்லை, வாழ்வில் உண்டு. அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைக்காத எந்த நகர்க்கனவும், கோபுரமாயினும் குடிலாயினும், நிறைவுடையது எனக் கொள்ளுதற்கு இல்லை.